நோயாளி வீட்டு ஆப்பிள்

அந்த மார்கழியில் எங்கள் வீட்டில் ஆப்பிள் இல்லாத இடமே இல்லை. பிரிட்ஜில் காய்கறி வைக்கும் டிரே நிரம்பி, டிவி ஸ்டாண்டு நிரம்பி, பீரோவுக்கு மேலே ஒரு பை, சாமி படங்களுக்குக் கீழே ஒரு பை. விடிகாலையில் கண் விழித்தால், பனி வெளிச்சத்தில் ஜன்னல் மேடை முழுக்கச் சிவப்பாக ஏதோ உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருக்கும். அரைத் தூக்கத்தில் அது என்னவென்று பிடிபடாது. ஊர்க் கோயில் ஒலிபெருக்கி பாட ஆரம்பித்த பிறகுதான் ஒவ்வொன்றாக ஞாபகம் வரும். பக்கத்துக் கட்டிலில் என் மனைவி சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிப் படுத்திருப்பாள்.

அவளுக்குக் கர்ப்பப்பையை எடுத்திருந்தார்கள். ரொம்ப நாளாகவே ரத்தப்போக்கு, உள்ளே கட்டி. எடுத்துவிடுவதுதான் நல்லது என்றார் டாக்டரம்மா. ஆபரேஷனும் நன்றாகத்தான் நடந்தது. தையல் ஆறியது. ஓசூரில் வேலை பார்க்கும் மகள் லீவு போட்டு வந்து கூட இருந்துவிட்டு, லீவு முடிந்ததும் அழுதுகொண்டே பஸ் ஏறினாள். எல்லாம் சரியாகிவிட்டது என்று நாங்கள் நினைத்த பிறகுதான் என் மனைவி சாப்பிடுவதை நிறுத்தினாள்.

நிறுத்தினாள் என்றால் அடம் பிடித்து இல்லை. தட்டை வைத்தால் வாங்கிக்கொள்வாள். இரண்டு வாய் கஞ்சி, ஒரு விள்ளல் இட்லி, அவ்வளவுதான். பிறகு தட்டு கட்டிலுக்கு அடியில் போய்விடும். கேட்டால் ஒரே பதில். "உள்ள ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்குதுங்க. எதுக்குத் துன்னணும்?"

அவள் அப்படிப்பட்ட ஆளே இல்லை. இந்த உறுவையாறு தெருவில் அவள் குரல் கேட்காமல் விடிந்த நாள் கிடையாது. பால்காரனிடம் சண்டை, மாட்டிடம் சண்டை, என்னிடம் கேட்கவே வேண்டாம். நான் செருப்பைக் கழற்றிய இடத்திலிருந்து ஆரம்பித்து, காரை நிறுத்திய இடம், பேசிய பேச்சு, பேசாத பேச்சு எல்லாவற்றுக்கும் வாங்கிக் கட்டிக்கொள்வேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததிலிருந்து ஒரு திட்டுகூட இல்லை. செருப்பைக் கட்டிலருகிலேயே கழற்றிப் போட்டுப் பார்த்தேன். அவள் அதைப் பார்த்தாள், கண்ணை மூடிக்கொண்டாள்.

எங்கள் பக்கத்தில் ஆப்பிளை யாரும் தனக்கென்று வாங்குவதில்லை. மாம்பழம் வாங்குவோம், பலாப்பழம் வாங்குவோம், கொய்யா கொல்லையிலேயே காய்க்கும். ஆப்பிள் என்றால் யாரோ எங்கோ படுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். வில்லியனூர் மார்க்கெட்டில் ஒரு பழக்கடை அம்மா இருக்கிறார். ஆப்பிள் என்று வாயெடுத்தாலே "எந்த ஆஸ்பத்திரி?" என்றுதான் கேட்பார். கேட்டுக்கொண்டே கைக்கு வந்ததைப் பையில் போட்டு, மேலே ரெண்டு சாத்துக்குடியும் வைத்துக் கட்டிக் கொடுத்துவிடுவார். நோயாளிக்கு வாங்கும் பழத்தை நின்று பொறுக்கிக்கொண்டிருப்பதும் ஒருமாதிரி அழகில்லை என்பதால் யாரும் பொறுக்குவதில்லை. நானும் எத்தனையோ பேருக்கு அப்படிக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன். வாங்கிக்கொள்கிற இடத்தில் இருந்தபோதுதான் அந்தப் பழத்தின் கனம் தெரிந்தது.

பார்க்க வருகிறவர்கள் பழத்தைத் தலைமாட்டில் வைப்பார்கள். உட்காருவார்கள். வந்தவர்கள் சும்மா இருப்பார்களா? தன் சின்ன மாமியாருக்கு இதே ஆபரேஷன் ஆனது, அவள் அதற்கப்புறம் எழுந்திருக்கவே இல்லை என்று ஒருத்தி சொன்னாள். இன்னொருத்தி, எடுத்துவிட்டால் எலும்பெல்லாம் சுண்ணாம்பாக உதிர்ந்துவிடுமாமே என்று என் மனைவியிடமே சந்தேகம் கேட்டாள். எனக்கு மூக்கு நுனி வரை கோபம் வரும். காபி போட்டுக்கொடுத்துக் கோபத்தை அடக்குவேன். கிளம்பும்போது, நோயாளி வீட்டில் "வரேன்" என்று சொல்லக்கூடாது என்ற வழக்கப்படி, சட்டென்று எழுந்து வாசலைப் பார்த்து நடந்துவிடுவார்கள். ஒருநாள் என் மனைவி கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "எல்லாரும் சொல்லாம கொள்ளாம எழுந்து போயிடறாங்க, பாத்தீங்களா?"

செக்கப்புக்குப் போனபோது டாக்டரம்மா முகத்தில் சிரிப்பே இல்லை.

"ரத்தம் ரொம்பக் கம்மியா இருக்கு. இப்படியே சாப்பிடாம இருந்தீங்கன்னா அடுத்த வாரம் வரும்போது அட்மிட் பண்ணிடுவேன். ரத்தம்தான் ஏத்தணும்."

திரும்பி வரும்போது கார் கண்ணாடியில் தலையைச் சாய்த்துக்கொண்டு என் மனைவி மெதுவாகச் சொன்னாள். "திரும்ப அங்க இட்டுனு போனீங்கன்னா, நான் வூட்டுக்கு வரமாட்டேங்க." அவள் பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. ஏதோ தெரிந்த விஷயத்தைச் சொல்வதுபோலச் சொன்னாள். ஒரு வாரத்துக்குள் எப்படியாவது அவளைச் சாப்பிட வைத்தாக வேண்டும் என்பதைத் தவிர அன்றைக்கு எனக்கு வேறு எதுவும் தெரியவில்லை.

வில்லியனூரில் வாழ்க்கைப்பட்ட என் அக்கா பகலில் வந்து துணைக்கு இருப்பாள். அக்கா கறிக்குழம்பு வைத்தாள், முருங்கைக்கீரை வதக்கினாள், பேரீச்சம்பழத்தைப் பாலில் ஊறவைத்தாள். எல்லாம் கட்டிலுக்கு அடியில்தான் போனது. நான் ஆப்பிளை நறுக்கிக் கொண்டுபோனால், என் மனைவி வாயை இறுக்கி மூடிக்கொண்டு கையால் தள்ளிவிடுவாள். ஆஸ்பத்திரி வாசனை அடிக்கிறது என்பாள். எனக்கும் அப்படித்தான் அடித்தது.

நான் கார் ஓட்டுகிறவன். டவுனில் ஒரு விருந்தினர் விடுதிக்கு வழக்கமாகப் போவேன். அந்த நாட்களில் விடியற்காலைச் சவாரி மட்டும் எடுத்துக்கொண்டு சீக்கிரம் திரும்பிவிடுவேன். உறுவையாற்றிலிருந்து கிளம்பும்போது இருபுறமும் கரும்பு பூத்து நிற்கும். பனியில் தண்டு தெரியாது, வெள்ளைப் பூக்கள் மட்டும் அந்தரத்தில் மிதந்துகொண்டிருக்கும். ஹெட்லைட் வெளிச்சம் பட்டால் அவை ஒருமுறை தலையாட்டிவிட்டு மறையும். அந்தச் சாலையில் எனக்கு எந்தக் கவலையும் இல்லாதவன்போல ஒரு மயக்கம் வரும். வீட்டில் ஒருத்தி சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாள் என்பதுகூட யாரோ சொன்ன கதைபோல இருக்கும். ரயில்வே கேட் வந்ததும் கலைந்துவிடும்.

அப்படி ஒரு காலையில், பனிக்குள் போய்க்கொண்டிருந்தபோது, நாக்கில் ஒரு ருசி வந்தது. சும்மா வந்தது. போன மழைக்காலத்தில் அந்த விடுதியின் பின்வாசலில் வண்டியை நிறுத்திக் காத்திருந்தேன். மழை கொட்டிக்கொண்டிருந்தது. மகாபலிபுரம் போக வேண்டிய விருந்தாளிகள் இன்னும் எழுந்திருக்கவில்லை. சமையல் பார்க்கும் அம்மா குடை பிடித்துக்கொண்டு வந்து, கார் ஜன்னல் வழியாக ஒரு எவர்சில்வர் கிண்ணத்தை நீட்டினார். "ஆப்பிள் கிரம்பிள்ணே. சூடா இருக்கு, சாப்புடு." மேலே பொரபொரவென்று மாவு, கரண்டியை விட்டால் முறுக்கு நொறுங்குகிற சத்தம். அடியில் ஆப்பிள் குழைந்து, புளிப்பும் இனிப்புமாக, பட்டை வாசனையோடு. கண்ணாடியில் மழை வழிந்துகொண்டிருக்க, வெளியே எதுவும் தெரியாத அந்தக் காருக்குள் உட்கார்ந்து நான் அதை நிதானமாகச் சாப்பிட்டேன். ஆப்பிள் என்பது இப்படியும் இருக்குமா என்று ஆச்சரியமாக இருந்தது.

அந்த மழை நாளில் வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் அரிசி களைந்துகொண்டே கேட்டாள்: "ஆப்பிள வேக வெப்பாங்களா? ஏன், அங்க யாருக்கு ஒடம்பு செரியில்ல?"

அந்தப் பனிக்காலைச் சவாரியை முடித்ததும் அந்த அம்மாவுக்கு போன் போட்டேன். விஷயத்தைச் சொன்னேன். அவர் முதலில் என் மனைவியின் உடம்பைப் பற்றி விசாரித்தார். பிறகு, "அது ஒண்ணும் பெரிய வித்த இல்லண்ணே" என்றார். "ஆப்பிள நறுக்கிக்க. வெல்லம், பட்டத்தூள், கொஞ்சம் எலுமிச்ச. மேல தூவறதுக்குக் கோதும மாவு, நாட்டுச் சர்க்கர, வெண்ண. வெண்ண சில்லுனு இருக்கணும். வெரல் நுனியால தேய்ச்சுத் தேய்ச்சு உதிர்க்கணும். மாவு ஒண்ணு சேரக்கூடாதுண்ணே, அதான் விஷயம். உதிரி உதிரியா நிக்கணும்."

"வூட்ல ஓவன் இல்லையேம்மா."

"குக்கர்ல மணல் போட்டுக் காய வெய்யி. ரப்பர எடுத்துடு, வெயிட்டு போடாத. கடசியா மூடியச் சாய்ச்சு வெச்சீன்னா ஆவி போயி மொறுமொறுன்னு வரும்."

மதியம் சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது. என் மனைவி மாத்திரை போட்டுக்கொண்டு தூங்கினாள். அக்கா கொல்லையில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள். சமையலறையை உள்ளிருந்து பூட்டிக்கொள்ளலாமா என்றுகூட யோசித்தேன். திருட்டு வேலை செய்கிறவன்போல இருந்தது எனக்கு. குளியலறை கட்டியபோது மிஞ்சிய ஆற்று மணலைச் சலித்து குக்கரில் கொட்டினேன். ஜன்னல் மேடையிலிருந்து சுருங்க ஆரம்பித்திருந்த ஆப்பிள்களாகப் பார்த்து எடுத்துத் தோல் சீவினேன். எனக்குத் தோல் சீவ வராது. பாதிப் பழம் தோலோடு போனது.

வெண்ணெய்க்கு எங்கே போவது? பிரிட்ஜின் மேல்தட்டில் ஒரு பிளாஸ்டிக் டப்பா இருந்தது. எங்கள் மாட்டுப் பாலில் தினமும் ஆடை எடுத்து, உறை ஊற்றி, கடைந்து, பொங்கலுக்கு நெய் காய்ச்சவென்று ஆஸ்பத்திரிக்குப் போகும் முன் நாள் வரை என் மனைவி சேர்த்து வைத்திருந்தது. அதை யாரும் தொடக்கூடாது. மகளே தொட்டது கிடையாது. அதில் பாதியை வெட்டி எடுத்தேன். நல்ல காரியத்துக்குத்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பிறகு மாவை உதிர்க்க உட்கார்ந்தேன். வெண்ணெய்த் துண்டுகளை மாவில் போட்டு விரல் நுனியால் தேய்க்கத் தேய்க்க, மாவு நிறம் மாறி மணல் மணலாக ஆனது. ஜன்னல் வழியாக மார்கழி வெயில் சாய்ந்து மடியில் விழுந்தது. வீட்டில் ஒரு சத்தம் இல்லை. கோழி ஒன்று எங்கோ முணுமுணுத்துக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரம் அப்படித் தேய்த்துக்கொண்டிருந்தேன் என்று தெரியவில்லை. எந்த எண்ணமும் இல்லை. கை தன் பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருந்தது. பல நாளைக்குப் பிறகு நெஞ்சில் இருந்த கல் கொஞ்சம் நகர்ந்த மாதிரி இருந்தது. ஆப்பிள் கிண்ணத்தைத் தயார் செய்து, மாவைத் தாம்பாளத்தில் பரப்பி வைத்துவிட்டு, குக்கருக்கு அடியில் அடுப்பைப் பற்றவைத்தேன். அப்போது போன் அடித்தது.

சவாரி கேட்டு ஒருவர். வீட்டுக்குள் சிக்னல் சரியாகக் கிடைக்காது. கரும்புக் கொல்லை வரப்பு வரை நடந்துபோய்ப் பேசிவிட்டு வந்தேன். திரும்பி வந்து பார்த்தால் தாம்பாளம் கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. பக்கத்தில் ஒரு பாத்திரத்தில், ஈரத்துணி போர்த்திக்கொண்டு, வழவழவென்று ஒரு பெரிய மாவு உருண்டை.

அக்கா கையைத் துடைத்துக்கொண்டே திரும்பினாள். அவள் முகத்தில் அவ்வளவு பெருமை.

"இன்னாடா, மாவப் பாதில உட்டுட்டுப் போயிட்ட? நல்லா சுடுதண்ணி ஊத்திப் பெசஞ்சு வெச்சுட்டேன். கொஞ்சம் ஊறட்டும். சப்பாத்திதான?"

நான் துணியை விலக்கி உருண்டையை அமுக்கிப் பார்த்தேன். பிறகு கத்த ஆரம்பித்தேன்.

"யாரு உன்னப் பெசையச் சொன்னது? அது உதிரியா இருக்கணும்கா! உதிரியா இருக்கத்தான் அவ்ளோ நேரம் உக்காந்து தேய்ச்சேன்!"

"உதிரியா இருந்தா அது இன்னாடா மாவு? பாதி வேல! எவ பாத்தாலும் தண்ணி தெளிச்சுப் பெசையத்தான் செய்வா. சக்கர வேற போட்டிருந்த. செரி, வெல்லச் சப்பாத்தி சுடப்போற, பொண்டாட்டிக்கு ஆசயா செய்யறன்னு நெனச்சேன்!"

"சப்பாத்திக்கா இவ்ளோ வெண்ண போடுவாங்க?"

"எனக்கு இன்னாடா தெரியும், நீ கெட்ட கேட்டுக்கு சமையல் பண்ணா?"

குக்கர் மணல் காய்ந்து ஒரு வாடை அடிக்க ஆரம்பித்தது. அதையும் கவனிக்காமல் நாங்கள் இருவரும் சின்ன வயதில் போட்டதைப்போலவே சண்டை போட்டுக்கொண்டிருந்தோம். அக்கா மாவு உருண்டையைத் தூக்கி என்னிடம் காட்டி, இதில் என்ன குறை, சொல்லு என்று கேட்டுக்கொண்டிருந்தாள். உண்மையில் ஒரு குறையும் இல்லை. அவ்வளவு நல்ல சப்பாத்தி மாவை நான் பார்த்ததில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

"அந்த வெண்ணய யாரு எடுத்தது?"

நாங்கள் இருவரும் திரும்பினோம். சமையலறை வாசலில், ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, மறு கையை வயிற்றில் வைத்துக்கொண்டு, என் மனைவி நின்றிருந்தாள். தலைமுடி கலைந்திருந்தது. கண் மேடையில் இருந்த டப்பாவின் மேல் இருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு, பாத்ரூமைத் தவிர அவள் தானாக எழுந்து நடந்து வந்த முதல் இடம் அது.

அக்கா உடனே என்னைக் காட்டிக்கொடுத்தாள். "உன் புருஷன்தான். நான் கையால தொடல."

"ஏங்க, அந்த வெண்ணய நான் இன்னா பாடு பட்டு சேத்தேன், தெரியுமா உங்களுக்கு? பொங்கலுக்குன்னு வெச்சிருந்தேன். பெத்த பொண்ண தொட உட்டதில்ல. நாலு நாள் கண்ண மூடிப் படுத்தா, வூட்டத் தொறந்து உட்ட மாதிரி ஆளாளுக்கு அள்ளிப் போடுவீங்களா?" அவள் பார்வை அடுப்புக்குப் போனது. நான் மெதுவாக குக்கரை மறைத்து நின்றேன். பலிக்கவில்லை. "அது இன்னா வாட? குக்கர்ல இன்னா இருக்குது?"

அவள் ரெண்டு எட்டு உள்ளே வந்து, என்னை விலக்கிவிட்டுக் குக்கருக்குள் பார்த்தாள்.

"மண்ணா? என் குக்கர்ல மண்ண அள்ளிப் போட்டிருக்கீங்களா?"

அதன்பிறகு அவள் திட்டியதை எல்லாம் எழுத முடியாது. என் பரம்பரையை இழுத்தாள். அதில் அக்காவும் சேர்த்தி என்பதால் அக்காவும் தலையைக் குனிந்துகொண்டாள். நடுநடுவே மூச்சு வாங்கியது. நிறுத்தி, சுவரில் சாய்ந்து, மறுபடி ஆரம்பித்தாள். நான் அப்படியே நின்றுகொண்டிருந்தேன். காது குளிர்ந்தது என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அவளைத் தூக்கித் தலைமேல் வைத்துக்கொள்ளலாம் போல சந்தோஷமாக இருந்தது. என்னையும் அறியாமல் சிரித்துவிட்டேன். அதற்கும் ஒரு திட்டு விழுந்தது.

கடைசியில் பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "செரி, இன்னாதான் பண்ண வந்தீங்க? சொல்லுங்க."

சொன்னேன். மழை, கார், கிண்ணம், புளிப்பும் இனிப்பும், விரல் நுனி, உதிரி எல்லாம் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு மாவு டப்பாவை எடுத்துக் கொடுக்கச் சொன்னாள். மிச்சம் இருந்த பாதி வெண்ணெயைத் தானே டப்பாவிலிருந்து வழித்துப் போட்டாள். நான் பதறினேன். "போவட்டும்" என்றாள். தாம்பாளத்தை மடியில் வைக்கக்கூடாது என்று ஸ்டூலைக் கொண்டுவந்து எதிரில் போட்டாள் அக்கா. என் மனைவியின் விரல்கள் மாவுக்குள் இறங்கின. எனக்கு அவ்வளவு நேரம் பிடித்த வேலை அவளுக்கு வெகு சுலபமாக வந்தது. கோலப்பொடி விடுகிற விரல்கள். மாவு தாம்பாளத்தில் மழைபோல உதிர்ந்துகொண்டே இருந்தது. அக்காவின் கை துறுதுறுவென்று இருந்ததைப் பார்த்தேன். தண்ணீர்ச் சொம்பை எடுத்துத் தூரமாக வைத்தேன்.

குக்கருக்குள் கிண்ணத்தை இறக்கி மூடியதும் வேறு வேலை இல்லை. மூவரும் அங்கேயே உட்கார்ந்திருந்தோம். முதலில் மணல் வாடைதான் வந்தது. பிறகு மெதுவாக வெண்ணெய் உருகி, வெல்லம் கொதித்து, பட்டை வாசனை மூடியின் ஓரத்தில் கசிந்து வந்தது. சமையலறையை நிரப்பி, கூடத்துக்குப் போய், படுக்கையறையில் இருந்த மாத்திரை நாற்றத்தின் மேல் படிந்தது. வெயில் மஞ்சளாகி, ஆவியோடு சேர்ந்து, வீடு கொஞ்சம் மிதப்பதுபோல இருந்தது. பேசினால் கலைந்துவிடும் என்று தோன்றியது.

என் மனைவி கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள். "தூக்கத்துல ஒரு கனவுங்க. பாகூர் ஏரிக்கர மேல நடக்கறேன். தண்ணி கர வரைக்கும் தளும்பி நிக்குது. நான் ரொம்பச் சின்னப் பொண்ணு. எங்கயோ வெல்லம் காச்சற வாசன. அது எங்கருந்து வருதுன்னு தேடினு போறேன், போயினே இருக்கறேன், கர முடியவே இல்ல. அப்பறம் பாத்தா நீங்களும் அண்ணியும் கத்தினு இருக்கறீங்க."

பாகூர் அவள் பிறந்த ஊர். அப்போது குக்கரில் வெறும் மணல்தான் காய்ந்துகொண்டிருந்தது, வெல்லத்தை ஆப்பிளோடு பிசறி வைத்ததோடு சரி. அந்த வாசனை எப்படி அவள் தூக்கத்துக்குள் போனது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்டால் கலைந்துவிடும் என்று நானும் கேட்கவில்லை.

மூடியைச் சாய்த்து வைத்து ஆவி போனதும் இறக்கினேன். நடுவில் நன்றாகச் சிவந்திருந்தது. ஓரத்தில் ஒரு பக்கம் கொஞ்சம் தீய்ந்துவிட்டது. விடுதியில் தின்றதைப்போல இல்லை, ஆனால் கரண்டியை விட்டபோது அதே சத்தம் வந்தது. அடியிலிருந்து ஆப்பிள் குமிழியிட்டு மேலே எட்டிப் பார்த்தது. ஒரு தட்டில் கொஞ்சமாக எடுத்து ஊதி நீட்டினேன். அவள் வாங்கினாள். ஒரு வாய் போட்டாள். முகத்தைச் சுளித்தாள்.

"புளிக்குது."

நான் தட்டைத் திரும்ப வாங்கக் கையை நீட்டினேன்.

அவள் மென்றாள். மெதுவாக, ரொம்ப மெதுவாக. இன்னொரு வாய் எடுத்தாள். கரண்டியால் தட்டின் ஓரத்தை வழித்து, மொறுமொறுவென்று ஒட்டியிருந்த மாவை எடுத்துத் தின்றாள். தட்டைக் காலி செய்துவிட்டு என்னிடம் நீட்டினாள்.

"பசிக்குதுங்க," என்றாள். "இன்னும் கொஞ்சம் வெய்யுங்க."

நான் தட்டில் வைத்துக் கொடுத்துவிட்டு, மாட்டைப் பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லிக் கொல்லைக்குப் போனேன். மாட்டுக்கு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. அதன் கழுத்தைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதேன். அது பாட்டுக்கு அசை போட்டுக்கொண்டிருந்தது.

அக்கா தன் மாவு உருண்டையை விட்டுவிடவில்லை. அன்று சாயங்காலம் அதைச் சப்பாத்தியாகச் சுட்டே தீர்த்தாள். பிஸ்கட் மாதிரி வந்தது. என் மனைவி அதையும் ஒன்று டீயில் நனைத்துத் தின்றாள். புறப்படும்போது அக்கா வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, உள்ளே பார்த்து, தெருவுக்கே கேட்கும்படி, "போயிட்டு வரேன்மா!" என்றாள். "வாங்க அண்ணி" என்று உள்ளிருந்து பதில் வந்தது.

அதன்பிறகு எல்லாம் ஒரே நாளில் நடந்துவிடவில்லை. சில நாள் திரும்பவும் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். சில நாள் காரணம் இல்லாமல் அழுதாள். ஆனால் தட்டு கட்டிலுக்கு அடியில் போவது நின்றது. அடுத்த வாரம் டாக்டரம்மா ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, மாத்திரையும் சாப்பாடுமே போதும், ரத்தம் ஏற்ற வேண்டாம் என்றார். ஆப்பிளோடு வருகிறவர்களைக் கூடத்தில் உட்காரவைத்து, என் மனைவி அவர்கள் கொண்டுவந்ததையே கிரம்பிளாகக் கிண்ணத்தில் போட்டுக் கொடுக்க ஆரம்பித்தாள். வாய் நிறைய அது இருந்தால் யாராலும் சின்ன மாமியார் கதையைச் சொல்ல முடியாது என்று கண்டுபிடித்தவள் அவள்தான். எலும்பு உதிரும் என்று சொன்னவள் இரண்டு கிண்ணம் தின்றாள்.

பொங்கலுக்குக் கடையில்தான் நெய் வாங்கினோம். மாசி பிறந்தபோது, பார்க்க ஆட்கள் வருவது நின்றுபோனது. ஜன்னல் மேடை காலியானது. குக்கர் மணல் மட்டும் ஒரு டப்பாவில் பத்திரமாக இருந்தது. பழைய குக்கரை அதற்கென்றே ஒதுக்கிவிட்டாள்.

ஒருநாள் சவாரி முடிந்து வில்லியனூர் வழியாக வந்துகொண்டிருந்தேன். போன் வந்தது. எடுத்ததும் திட்டு. எங்கே இருக்கிறேன், ஏன் எடுக்க இவ்வளவு நேரம், காலையில் மோட்டாரை நிறுத்தாமல் போனது யார். எல்லாம் முடிந்த பிறகு, போனை வைக்கப்போகிறவள் மாதிரி இருந்து, சொன்னாள். "வரும்போது ஆப்பிள் வாங்கினு வாங்க. ஆசயா இருக்குது."

மார்க்கெட் ஓரம் வண்டியை நிறுத்தினேன். ஆப்பிள் என்றதுமே பழக்கடை அம்மா பையை உதறி, அதன் வாயைப் பிரித்து, கைக்கு எட்டியதை எடுத்துப் போட ஆரம்பித்தார்.

"எந்த ஆஸ்பத்திரி தம்பி?"

"ஆஸ்பத்திரி இல்லம்மா. யாருக்கும் ஒண்ணுமில்ல. எம் பொண்டாட்டி துன்னணும்னு கேட்டா."

அவர் கை நின்றது. என்னை ஒருதரம் ஏற இறங்கப் பார்த்தார். பிறகு பையில் போட்டிருந்த பழங்களைத் திரும்பக் கொட்டிவிட்டு, கூடையை என் பக்கம் நகர்த்தினார்.

"அப்ப நீயே பாத்துப் பொறுக்கிக்கப்பா."

நான் குனிந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். உருட்டிப் பார்த்தேன், மூக்கருகில் வைத்து முகர்ந்தேன், அடிபட்டதைத் திரும்ப வைத்தேன். பின்னால் யாரோ அவசரப்பட்டார்கள். நான் அவசரப்படவில்லை.